எழுபத்தொரு மில்லிசெகண்ட்

"இன்னொரு அப்பளம் இருக்குதாக்கா?" என்று வாணி கேட்டாள்.

சிங்காநல்லூர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. அரிசிம்பருப்பு சாதம், மேலே ஒரு கரண்டி நெய். சுகந்தி எழுந்துபோய் அடுப்பு மேடையில் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒன்றுதான் மிச்சம், அதுவும் பாதியாக உடைந்தது.

"உடைஞ்சதுதான் இருக்குது. வேணுமா?"

"கொண்டா. மில்லு ஹாஸ்டல்ல முழு அப்பளத்த எவ கண்டா? எனக்கு உடைஞ்சதுதான் ருசி."

"நாப்பத்தாறு வயசாச்சு. வாய் மட்டும் குறையறதில்ல உனக்கு."

"ரெண்டு வருசம் மூச்சில்லாம மூடிக் கெடந்த வாயிக்கா. இப்பத்தான் தொறந்திருக்குது. பேச உடு."

ஃபிரிட்ஜின் மேல் இருந்த வாணியின் போன் 'டிங்' என்றது. மணி இரண்டு. வாணியின் விலாவுக்கு அடியில் பதித்திருந்த மூச்சுப்பெட்டி அன்றைய விவரங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் நேரம். தினமும் இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் வரும். தினமும் வாணி, "என்ற ஊட்டுக்காரன் ஆஜர் குடுத்துட்டான்" என்பாள். கல்யாணமே செய்துகொள்ளாதவள் சொல்கிற பேச்சு. அன்று சொல்லவில்லை. வாயில் கவளம் இருந்தது.

சுகந்தி உடைந்த அப்பளத்தோடு திரும்பியபோது தங்கை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு வாணியின் கண்கள் அகன்றன. கை தொண்டைக்குப் போனது. சத்தம் ஏதும் வரவில்லை. நமக்குப் புரையேறினால் நம் உடம்பே இருமித் தள்ளிவிடும். வாணியின் மூச்சுத் தசை அவள் சொல்லைக் கேட்டு இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தன. பெட்டி இழு என்றால் இழுக்கும், விடு என்றால் விடும். அவளுக்காக இருமுவதும் பெட்டிதான். ஒரு முறை இருமியது. போதவில்லை. உடனே தன் முறைப்படி அடுத்த மூச்சை இழுத்தது. அடைத்திருந்த கவளம் இன்னும் உள்ளே போனது.

சுகந்தி முதுகில் அடித்தாள். குனியவைத்து விரலை விட்டுத் தோண்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்ட ஆளில்லாமல் தானாக ஓடும் வாடகை வண்டி நாலு நிமிடத்தில் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கதவு திறக்கும்போது அந்த வண்டி, "பயணம் எப்படி இருந்தது?" என்று இனிமையாகக் கேட்டது.

உயிர் எப்போதோ போயிருந்தது. ஆனால் வாணியின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பெட்டிக்கு அவள் இறந்தது தெரியாது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை. அதை நிறுத்த ஒரு காந்தம் வேண்டும். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று இரண்டு நர்சுகளும் ஒரு டாக்டரும் நாற்பது நிமிடம் தேடினார்கள். அந்த நாற்பது நிமிடமும் சுகந்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாணி ஒவ்வொரு முறை மூச்சு விட்டபோதும் அவள் வாயிலிருந்து நெய் வாசமும் பெருங்காய வாசமும் வந்தன. செத்துப்போன வாயிலிருந்து, சூடு குறையக் குறைய, அதே வாசம். காந்தம் வந்து நெஞ்சு நின்றபோது சுகந்திக்கு வந்தது அழுகை இல்லை, ஓங்கரிப்பு. அதன்பின் அவள் வீட்டுக்குள் நெய் வரவில்லை.

அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனியில்தான் சுகந்தி இருபத்துநாலு வருடமாக வேலை பார்த்தாள். சோதனைப் பிரிவின் மூத்த இன்ஜினியர். வெளியே போகும் ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் நேரத்தை அளந்து, சரி என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. வாணியின் நெஞ்சில் இருந்த வகைக்கும் அவள்தான் போட்டிருந்தாள்.

அக்கா இன்ஜினியரிங் படிப்பதற்காகத் தங்கை பதினாறு வயதில் நூல் மில்லுக்குப் போனாள். வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அக்காவுக்குக் கணக்கு வந்தது, தங்கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். இருபத்தேழு வருடம் பஞ்சுத் தூசி அவள் நுரையீரலைத் தின்றது. பிறகு ஊரெல்லாம் வந்த ஒரு காய்ச்சல் மூச்சுத் தசைக்குப் போகும் நரம்பைத் தின்றது. மூச்சுப்பெட்டி வைத்தால் பிழைக்கலாம் என்றார்கள். கம்பெனியிலோ பெட்டி தீர்ந்துபோயிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் வாணி அறுபத்தொன்றாவது ஆள்.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு வாணி கேட்டாள்: "உங்க கம்பெனிதானக்கா செய்யுது. எனக்கு ஒண்ணு பையில போட்டுட்டு வரக்கூடாதா?"

"இருந்தாத்தானடி போடறதுக்கு? அதுக்குள்ள வெக்கற சிப்பு இப்ப யாரும் செய்யறதில்ல. நின்னு போச்சு."

"வேற சிப்ப வெய்யி."

"வெக்க முடியாது. பெட்டிக்குள்ள ஓடற கெர்னல் இருக்குதில்ல, எந்த வேலைய எப்பச் செய்யணும்னு முடிவு பண்றது, அத பெலிக்ஸ்னு ஒருத்தர் அந்தச் சிப்போட பாசையிலயே எழுதியிருக்கறாரு. அசெம்பிளி. இந்த விரல மடக்கு, அந்த விரல நீட்டுன்னு ஒவ்வொண்ணா. வேற சிப்புக்கு அது ஒரு எழவும் புரியாது."

"புரியற மாதிரி எழுத வேண்டியதுதான."

"அதுதான் இப்ப நடக்குது. பூராத்தையும் சி-ங்கற பாசைல திருப்பி எழுதறாங்க. சி-ன்னா நடுவுல ஒரு ஆளு இருப்பான், கம்பைலர்னு. 'சோத்த எடுத்து வாயில வெய்யி'ன்னு நாம சொன்னாப் போதும். எந்த விரல எப்படி மடக்கறதுன்னு அவன் பாத்துக்குவான். எந்தச் சிப்பு வந்தாலும் அவன மட்டும் மாத்துனாச் செரி."

"நடு ஆளு சொணங்கிட்டான்னா?"

"சராசரியாப் பாத்தா பழசவிட வேகமாத்தான் இருக்குதாம்."

வாணி சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்கும், வாங்கியது. அடங்கும்வரை ஒரு விரலை உயர்த்திப் பொறு என்று காட்டிவிட்டுச் சொன்னாள்: "நூல் சுத்தறதுக்கு ஆட்டோகோனர் மிசின் எறக்குனப்ப எங்க சூப்பர்வைசரும் இதையேதான் சொன்னான். சராசரி ஏறிருச்சு, சராசரி ஏறிருச்சுன்னு. நாங்க கையில முடிச்சுப் போட்டப்ப ஒரு நூலு அறுந்தா அந்த ஒரு நூலுதான் நிக்கும். மிசின்ல ஒண்ணு சிக்குச்சுன்னா வரிசையே நிக்கும். சராசரிய உடு. சிக்குச்சுன்னா எத்தன நேரம் சிக்கும், அதச் சொல்லு."

"அத அளக்கறதுக்குத்தான் கம்பெனில என்னைய வெச்சிருக்கறாங்க."

"அப்பச் செரி. நீ அளந்தாச் செரியாத்தான் இருக்கும்."

அளக்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான். மனிதன் விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்க வேண்டும். நமக்குத் தானாக நிற்கிறது. பெட்டி வைத்தவர்களுக்கு, தொண்டை நரம்பிலிருந்து 'விழுங்கப் போகிறேன்' என்ற செய்தி வந்ததும் பெட்டி கையிலிருக்கும் எல்லா வேலையையும் போட்டுவிட்டு மூச்சை நிறுத்த வேண்டும். பன்னிரண்டு மில்லிசெகண்டுக்குள். தாண்டினால் சோறு மூச்சுக் குழாய்க்குள் போகும்.

பெலிக்ஸின் அசெம்பிளி கெர்னல் எப்போதும் மூன்று மில்லிசெகண்டில் நிறுத்தியது. கூடாது, குறையாது. கடிகாரம் மாதிரி. சி-யில் எழுதிய புதிய கெர்னல், புதிய சிப்பில், சராசரி ஒன்றே முக்காலில் நிறுத்தியது. சுகந்தி பத்து லட்சம் முறை அளந்தாள். மிக மோசமான ஒன்று நாலு புள்ளி ஒன்று. பன்னிரண்டுக்கு எவ்வளவோ கீழே. அறைச் சுவரில் திருகு போட்டு மாட்டியிருந்த சோதனைத் தாளில் உள்ள ஆறு வரிகளையும் வரிசையாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடித்து, அன்று மாலையே கையெழுத்துப் போட்டாள். போடும்போது அறுபத்தொன்று என்ற எண் மனதில் ஓடியது உண்மை. ஆனால் அவள் எதையும் குறைக்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தாள்.

எட்டு வாரத்தில் வாணிக்குப் பெட்டி வந்தது. நாலு மாதம் பேசினாள். பஸ் கண்டக்டரிடம் சண்டை போட்டாள், கீரைக்காரியிடம் பேரம் பேசினாள், எதிர்வீட்டு நாயோடுகூடப் பேசினாள். அந்த நாலு மாதத்தில் புதிய பெட்டி வைத்த தொள்ளாயிரம் பேரில் மூன்று பேர் சாப்பிடும்போது புரையேறி இறந்தார்கள். மூன்று பெட்டிகளும் சுகந்தியின் மேசைக்கு வந்தன. தாளில் உள்ளபடி மூன்றையும் அளந்தாள். மூன்றுக்கும் 'கருவியில் குறை இல்லை' என்று எழுதினாள்.

நாலாவதாக வந்தது வாணியின் பெட்டி.

சொந்தக்காரரின் பெட்டியைச் சோதிக்கக் கூடாது என்று விதி இருந்தது. இனிஷியலோடு எழுதியிருந்த கோகிலவாணி என்ற முழுப்பெயரை யாரும் சுகந்தியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வேலைக்குப் போன அன்று பெட்டி பிளாஸ்டிக் பையில் காத்திருந்தது. கழுவி அனுப்பியிருந்தார்கள். ஆனால் வயர் சேரும் இடுக்கில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். சுரண்டவில்லை. கையுறையை இரண்டாக மாட்டிக்கொண்டாள். அதைச் செய்த தன் கைகளைப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை. கூடவே வளர்ந்த தங்கையின் உடம்பிலிருந்து வந்த பெட்டி.

அளந்தாள். சராசரி ஒன்றே முக்கால். மோசமானது நாலு புள்ளி ஒன்று. படிவத்தில் 'கருவியில் குறை' என்பதுவரை எழுதினாள்.

அப்போதுதான் அந்த 'டிங்' அவள் காதில் திரும்ப ஒலித்தது. உடைந்த அப்பளம், டிங், கவளம். நேரம் இரண்டு.

சுகந்தி தன் இடது கையைக் குனிந்து பார்த்தாள். அதில் ஒரு வயர் இருந்தது. சோதனை மேசையில் பெட்டியையும் ஒரு போனையும் இணைக்கும் வயர். அளக்க உட்காரும்போது அதைப் பிடுங்குவது இருபது வருடப் பழக்கம். மாட்டியிருந்தால் அளவில் இரைச்சல் கலக்கும், திரையில் கோடு நடுங்கும். பெலிக்ஸின் கெர்னலில் போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே மூன்று மில்லிசெகண்ட்தான். ஆகவே பிடுங்கினால் நட்டமில்லை, கோடு சுத்தமாக வரும். அதைத் தாளிலும் எழுதிவைத்தார்கள். மூன்றாவது வரி. எழுதியது சுகந்திதான், அவளுக்குக் கையெழுத்து அழகு என்பதால்.

போன் இல்லாமல் அளந்தால் விவரம் அனுப்பும் வேலையே பெட்டிக்குள் நடக்காது.

வயரை மாட்டினாள். பெட்டியின் கடிகாரத்தை இரண்டு மணிக்குப் பத்து வினாடி முன்னால் வைத்தாள். விழுங்கும் செய்தியைத் தொடர்ந்து கொடுத்தாள். மேசைமேல் இருந்த போன் 'டிங்' என்றது. திரையில் விழ வேண்டிய பச்சைக் கோடு விழாமல் நேராகப் போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு சாவகாசமாக விழுந்தது. எழுபத்தொன்று.

மறுபடி செய்தாள். எழுபத்தொன்று. மறுபடி. எழுபது. மறுபடி. எழுபத்தொன்று.

அலமாரியிலிருந்து மற்ற மூன்று பெட்டிகளின் கோப்புகளை எடுத்தாள். ஒருவர் விவரம் அனுப்பும் நேரம் காலை எட்டரை. இன்னொருவர் ஒன்றேகால். மூன்றாமவர் இரவு எட்டு. அவர்களுக்குப் புரையேறிய நேரங்களும் அவையே. மூன்று கோப்பிலும் அடியில் அவளுடைய அழகான கையெழுத்து.

கழிப்பறைக்குப் போனாள். முகம் கழுவிக்கொண்டு அங்கிருந்தே பெலிக்ஸுக்குப் போன் போட்டாள். அவர் வேலையை விட்டுத் தூத்துக்குடிக்குப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது.

"பெலிக்ஸ், விவரம் அனுப்பறப்ப உங்க கெர்னல் என்னங்க பண்ணும்?"

"ஏன் திடீர்னு கேக்கிய? நாலு பைட்டு எடுத்து வைக்கும். கதவத் தெறந்து எட்டிப் பாக்கும், யாராச்சும் விழுங்குதாங்களான்னு. பொறவு அடுத்த நாலு. அப்படியே போவும்."

"புதுசுல மொத்தத்தையும் ஒரே தடவைல எடுத்து வெக்குதுங்க. கதவச் சாத்திக்கிட்டு. எழுபத்தொரு மில்லிசெகண்ட்."

"சாதாரணமா எல்லாரும் காப்பி பண்ணுத மாதிரி பண்ணியிருப்பானுவ. சி-ல அதுக்கு ஒத்த வரி போதும். பாக்க அழகா இருக்கும்" என்றார். "ஆனா சி மேல பழியப் போடாதிய. துண்டு துண்டா அதுலயும் எழுதலாம். கூட நாலு வரி ஆவும், அவ்வளவுதான்."

"அப்பறம் ஏன் எழுதலீங்க?"

"நான் எதுக்கு அப்படிச் செஞ்சேன்னு எங்கயும் எழுதி வைக்கலியே. ஆறாயிரம் வரி, ஒரு வரிக்கு விளக்கம் கெடையாது. எம் மண்டையத் தவிர எவன் மண்டைக்கும் எட்டக் கூடாதுன்னு ஒரு கெத்து. அந்தத் துண்டுக எல்லாம் கிறுக்குத்தனமாத் தெரிஞ்சிருக்கும் அந்தப் பயலுவளுக்கு. தூக்கிட்டானுவ. ஆனா சோதனையில தெரிஞ்சிருக்கணுமே. போனோடதான அளந்திய?"

சுகந்தி கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"சுகந்தி? வயரோடதான அளந்திய?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

விசாரணைக் கூட்டம் அடுத்த வாரம், பதினொரு மணிக்கு. பிரிவுத் தலைவர் முரளீதரனோடு ஒன்பது பேர். மேசை நடுவில் தட்டு நிறைய முட்டை பப்ஸும் தேநீரும். சுகந்தி எல்லாவற்றையும் அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தாள். முரளீதரன் படித்துக்கொண்டே தின்றார். பப்ஸின் பொருக்குகள் உதிர்ந்து தாளில் விழுந்தன. எண்ணெய் படிந்த விரலால் வரி வரியாக நகர்ந்தார். ச. கோகிலவாணி, வயது 46 என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. எடுத்தபோது பெயரின்மேல் கண்ணாடிபோல ஒரு வட்டம் இருந்தது.

"மேடம், உங்க சிஸ்டர்னு எங்களுக்குத் தெரியாது. ரொம்ப சாரி" என்றார். விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார்: "ஆனா நம்பர்ஸையும் பாக்கணும் இல்லையா? ஒரு நாளைக்கு ஒருத்தர் ரெண்டாயிரம் தடவை விழுங்கறார். தொள்ளாயிரம் பேர். நாலு மாசம். அதுல நாலு. சராசரி எடுத்தா ஒண்ணுமே இல்ல."

"சராசரி சாகறதில்லீங்க சார்."

"உணர்ச்சிவசப்படாம பேசுவோம்." குரலைத் தாழ்த்தினார். "பழைய அசெம்பிளிய கட்டிக்கிட்டு இருந்திருந்தா சிப்பே இல்ல. இந்தத் தொள்ளாயிரம் பேர்ல இன்னைக்கு எத்தனை பேர் மூச்சு விட்டுக்கிட்டு இருப்பாங்க? உங்க சிஸ்டருக்கும் நாலு மாசம் கிடைச்சுதே. அது எதனால?"

உண்மைதான். அந்த நாலு மாதத்தை அவருடைய வாயிலிருந்து கேட்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. மனிதர் உண்மையை எடுத்து வாய் துடைத்துக்கொண்டார். உண்மையிலேயே ஒரு டிஷ்யூவை எடுத்து வாயும் துடைத்தார்.

"கெர்னல திருத்திடறோம். துண்டு துண்டா காப்பி பண்ற மாதிரி. ரெண்டு வாரத்து வேலை. போன் வழியாவே எல்லாப் பெட்டிக்கும் போயிடும்."

"திருத்துங்க. ஆனா திருத்துனது செரியான்னு எப்படிப் பாப்பீங்க?" என்றாள் சுகந்தி. "அதே தாள வெச்சுத்தான? வயரப் பிடுங்கிட்டு அளந்தா அன்னைக்கும் சுத்தமாத்தான் இருந்துது, நாளைக்கும் சுத்தமாத்தான் இருக்கும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க சார். மூணாவது வரிய அடிங்க. வயரோட அளக்கணும்னு எழுதுங்க. அது ஒண்ணு போதும்."

முரளீதரன் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார். சட்டப் பிரிவுக்காரி. அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல.

"அந்தத் தாள் சாதாரணத் தாள் இல்ல மேடம்" என்றாள் அந்தப் பெண். "அனுமதி வாங்கின ஆவணம். அதுல தப்புன்னு நாமளே எழுதினா, இருபது வருஷமா அத வெச்சுக் குடுத்த அத்தனை சான்றும் செல்லாமப் போகும். வெளியில இருக்கற அத்தனை பெட்டியையும் திரும்ப வாங்கணும். தொள்ளாயிரம் நெஞ்ச மறுபடி அறுக்கணும். வேணுமா?"

"அதனால கேக்கறேன்" என்றார் முரளீதரன், மிக மென்மையாக. "தாள் தப்பா? இல்ல, அளந்தவங்களோட தப்பா?"

சுகந்தி அந்த ஒரு வாரமும் தூங்கவில்லை. பதிலை யோசிக்கவும் இல்லை. மனதில் இருந்தது அப்படியே வந்தது.

"தப்பு என்னோடதுங்க. தாள எழுதுனதும் நானு. அளந்ததும் நானு. மூணு பேரு செத்து பெட்டி வந்தப்பவும் வயரப் பிடுங்குனது நானு."

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். அத்தனை நேரம் யாருமே பேனாவை எடுத்திருக்கவில்லை. முரளீதரன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு எடுத்துக்குங்க மேடம். காலையிலேருந்து சாப்பிடாத மாதிரி இருக்கீங்க."

கூட்டக் குறிப்பு மறுநாள் வந்தது. 'சோதனை முறையில் குறை இல்லை. சோதித்தவரின் தனிப்பட்ட கவனக்குறைவு. அவரே ஒப்புக்கொண்டார். தாளின் மூன்றாவது வரி குறித்த அவரது யோசனை உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்.' கீழே அவளைப் பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவு. அதை இரண்டாவது முறை படிக்கும்போதுதான் சுகந்திக்குப் புரிந்தது. தாளைக் காப்பாற்ற அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அவள் தானாகப் போய் நின்றாள். செத்த தங்கையின் பெயரால் சொன்ன ஒரே ஒரு நேர்மையான வாக்கியத்தை மடித்துத் தாளுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

டெல்லிக்கு எழுதினாள். மருந்து, கருவிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு, பதினாலு பக்கம், அளவுகளோடு. தங்கள் கடிதம் பெறப்பட்டது என்று ஒரு எண் வந்தது. மீதி மூன்று பேரின் வீடுகளைத் தேடிப் போனாள். ஒரு வீடு பூட்டியிருந்தது. ஒரு வீட்டில் அவள் யார் என்று சொன்னதும் அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. மூன்றாவது வீட்டில் காபி கொடுத்தார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஐந்து வாரம் கழித்து, அடையாள அட்டையை ஒப்படைக்கவும் மேசையில் கிடந்த சாமான்களை எடுத்துக்கொள்ளவும் கம்பெனிக்குப் போனாள். காலை நேரம். சோதனை அறையில் ரெஹானா இருந்தாள். சுகந்தியோடு ஆறு வருடம் வேலை பார்த்த பெண், இப்போது அவள் நாற்காலியில்.

"வாங்கக்கா" என்று எழுந்தாள். கண் கலங்கியது. "சாப்டீங்களா? எளச்சுட்டீங்களேக்கா."

"இருக்கட்டும். என்ன ஓடுது?"

"திருத்துன கெர்னலுங்கக்கா. நாளைக்கு எல்லாருக்கும் அனுப்பறாங்க. இப்பத் துண்டு துண்டாக் காப்பி பண்ணுது. பாருங்க, எத்தன நல்லா வருதுன்னு." திரையை அவள் பக்கம் திருப்பினாள். பச்சைக் கோடு அலுங்காமல், மழைக்குப் பிறகு வரும் வெளிச்சம்போலத் துல்லியமாக இருந்தது. "அதிகபட்சமே மூணு புள்ளி ஒம்பதுதான்."

சுகந்தி மேசையைப் பார்த்தாள். வயர் சுருட்டி ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அழகாக, ரப்பர் பேண்ட் போட்டு.

"வயர ஏம்மா கழட்டுன?"

"தாள்ல எழுதியிருக்குதில்லக்கா."

"ரெஹானா. நாலு பேரு செத்தது எதனாலன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்கக்கா." ரெஹானா தரையைப் பார்த்தாள். "ஆனா கம்ப்யூட்டர் கேக்குதில்ல, வயர் கழற்றியாச்சான்னு. ஆமான்னு போட்டாத்தான் அடுத்த பக்கமே வருது. மாட்டிட்டு அளந்தா தாள மீறுனதாப் பதிவாகிரும். உங்களுக்கு நடந்ததப் பாத்துட்டுமாக்கா?"

"ஆமான்னு பொய்யாப் போட்டுட்டு மாட்டி அளந்து பாரு."

"மேல கேமரா இருக்குதுங்கக்கா."

அந்தப் பெண்ணின் முகத்தில் பயம் இருந்தது, பாசமும் இருந்தது, சீக்கிரம் போய்விட மாட்டாளா என்ற தவிப்பும் இருந்தது. சுகந்திக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இந்த அறை, இந்தச் சுத்தமான கோடு, ரப்பர் பேண்ட் போட்ட வயர், இருபது வருடம் இதையெல்லாம் ஒழுங்கு என்று நினைத்துப் பெருமைப்பட்ட தன் மூளை, எல்லாவற்றின்மேலும் அருவருப்பு வந்தது. நெய் வாசம் அடிப்பதுபோல இருந்தது. எங்கேயும் நெய் இல்லை.

மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். மூன்றாவது வரியின்மேல் அழுத்திக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். தாளுக்கு மேலே லேமினேஷன். அதைச் செய்தது அவள்தான், கை பட்டு எழுத்து அழியக் கூடாதென்று. பேனா வழுக்கியது. மறுபடி இழுத்தாள். மை பிடிக்காமல் சின்னச் சின்ன முத்தாக நின்றது.

"அக்கா, வேண்டாங்கக்கா" என்று ரெஹானா பின்னால் வந்தாள். கேமராவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, புட்டியிலிருந்த ஸ்பிரிட்டில் ஒரு துண்டுப் பஞ்சை நனைத்து, மன்னிப்புக் கேட்பதுபோல மெதுவாகத் துடைத்தாள். ஒரே இழுப்பில் மை போய்விட்டது.

அடியில், சுகந்தியின் கையெழுத்தில், மூன்றாவது வரி அப்படியே இருந்தது: அளக்கும் முன் போன் இணைப்பு வயரைக் கழற்றவும்.